திருகோணமலையில் எழுதப் பயந்த நாட்கள்

திருகோணமலையில் நான் முதலில் பயந்தது மானுக்கு. பேருந்தைவிட்டு இறங்கிக் குடையை விரித்துக்கொண்டிருந்தேன். முதுகில் ஏதோ முட்டியது. திரும்பிப் பார்த்தால் கொம்பு வைத்த மான் ஒன்று என் தோள்பையிலிருந்த வாழைப்பழத்தை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. திருச்சியில் மாடு முட்ட வந்தால் எப்படி ஒதுங்குவது என்று எனக்குத் தெரியும். மானுக்கு என்ன செய்வது? மழையில் அப்படியே நின்றேன். பக்கத்தில் கச்சான் என்று வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பெண், "பழத்தைக் குடுத்திட்டுப் போங்கோ பிள்ளை, அது விடாது" என்றார். கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

அடுத்த பயம் ஊரிலிருந்தே கூட வந்தது. நான் குடும்ப மருத்துவத்தில் பயிற்சி பெறும் மருத்துவர். எங்கள் பயிற்சியில் ஊசி, மாத்திரை, நாடி பார்ப்பதோடு இன்னொன்றும் உண்டு. பார்த்த நோயாளியைப் பற்றி, பார்த்த மருத்துவரே திரும்பி யோசித்து எழுத வேண்டும். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், எதைக் கவனிக்காமல் விட்டேன், இனி என்ன செய்வேன். இதை மீள்நோக்கு எழுத்து என்கிறார்கள். இலங்கையில் இதே பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களோடு சேர்ந்து இதைக் கற்றுக்கொள்ளத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு சிறு மருத்துவமனையில் நோயாளி இறந்துபோன அன்று, உறவினர்கள் உடைத்த கண்ணாடிக் கதவுகள் எல்லாம் நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்தவள் நான். நாற்காலிகள் தெருவில் கிடந்தன. அதன் பிறகு, "நான் இதைக் கவனிக்கவில்லை" என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருப்பதை நினைத்தாலே பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

விடுதி துறைமுகப் பக்கம். அறை ஜன்னலைத் திறந்தால் உள்துறைமுகம். பெரிய கப்பல் ஒன்று கரைக்கு இத்தனை பக்கத்தில் எப்படி நிற்கிறது என்று ஆட்டோக்காரர் யோகனிடம் கேட்டேன். நாற்பது வயதுக்காரர், சிரிக்காமலே வேடிக்கையாகப் பேசுபவர். இங்கே கரையிலிருந்து கால் வழுக்கினாலே ஆழம்தான், அதனால்தான் உலகத்திலுள்ள கப்பற்படையெல்லாம் இந்தத் துறைமுகத்துக்கு ஆசைப்பட்டது என்றார். நீச்சல் தெரியாத நான் அந்த நான்கு நாளும் அந்தக் கரையோரம் நடக்கவில்லை.

காலைச் சாப்பாடு பாண், பருப்பு, தேங்காய்ச் சம்பல். பாண் என்றால் ரொட்டி. நம் ஊரில் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் பொருளை இங்கே தினமும் கறியில் தோய்த்து மகிழ்ச்சியாகச் சாப்பிடுகிறார்கள். சம்பலின் உறைப்பில் என் கண்ணில் நீர் வந்தது. விடுதிக்காரம்மா ஒரு கிண்ணம் சொதியை என் பக்கம் நகர்த்தினார். தேங்காய்ப்பால் மணத்தோடு அது தொண்டையில் இறங்கிய பிறகுதான் மழையின் சத்தமே காதில் விழுந்தது. மாரி தொடங்கிவிட்டது, இனி விடாது என்றார்.

வகுப்பு ஒரு கட்டடத்தின் மேல்மாடியில். நடத்தியவர் கண்டியிலிருந்து வந்த மூத்த சிங்கள மருத்துவர். தமிழ் புரியும், பேச வராது என்று சொல்லி ஆங்கிலத்தில் பேசினார். அவர் வைத்த விதி ஒன்றுதான். இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் எழுதியதை வாசிக்க, மற்றவர் கேள்வி மட்டும் கேட்கலாம். பாராட்டக் கூடாது, திட்டக் கூடாது, தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எனக்கு ஜோடியாக வாய்த்தவர் பர்ஹானா. கிண்ணியாக்காரி, என் வயதுதான். கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றின் சிறிய அரசாங்க மருத்துவமனையில் வேலை. முதல் நாளே கிண்ணியா எருமைத் தயிர்ச் சட்டியோடு பாலம் தாண்டி வந்திருந்தார். கரண்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டி. மேலே பாணி ஊற்றித் தந்தார். நம் ஊர் கருப்பட்டிப் பாகு மாதிரிதான், ஆனால் பனை வாசம் இல்லை. எங்கள் ஊரில் தயிருக்குச் சர்க்கரை போடுபவரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்றேன். இங்கே போடாதவரைத்தான் பார்ப்பார்கள் என்றார்.

இரண்டாம் நாள் காலை எழுதினோம். கடந்த வாரம் பார்த்த ஒரே ஒரு நோயாளி. நான் பாதுகாப்பாக ஒரு சர்க்கரை நோயாளியைத் தேர்ந்தெடுத்து, யாரும் எதுவும் சொல்ல முடியாதபடி எழுதி முடித்தேன். பர்ஹானா தன்னுடையதை வாசித்தார்.

முந்தாநாள் பார்த்த இளம்பெண். நிரோஜினி என்று பெயர். கல்யாணமாகி இரண்டு வருடம். அடிவயிற்றில் வலி, ஒரு தடவை தலைசுற்றி விழுந்தது, தோள்பட்டையிலும் வலி. மாமியாரோடு வந்திருந்தாள். மாதவிடாய் தள்ளிப்போகவில்லை என்று பதில். தண்ணீர்க் குடம் தூக்கியதில் தோள் வலி, சிறுநீரில் கிருமி என்று எண்ணி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். வெளியே பெரிய வரிசை. இவ்வளவுதான் எழுதியிருந்தார்.

கேள்வி கேட்பது என் முறை. என்ன கேட்பதென்று தெரியவில்லை. அந்தப் பதிலைச் சொன்னது யார் என்று கேட்டேன். வேறு எதுவும் தோன்றாததால் கேட்ட கேள்வி அது.

"அவதான்" என்றார் பர்ஹானா. தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இல்ல. மாமி. நான் அந்தப் புள்ளட முகத்தைப் பாத்துத்தான் கேட்டன். பதில் பக்கத்தால வந்திச்சு. நான் எழுதிக்கிட்டன்."

தாளை மேசையில் வைத்தார். அவர் உதடு வெளுத்துப்போனதைப் பார்த்தேன். எனக்கும் அதே கணத்தில்தான் உறைத்தது. மாதவிடாய் தள்ளியிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் வேறு அர்த்தம். கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கிவிடுவது உண்டு. குழாய் கிழிந்தால் இரத்தம் வயிற்றுக்குள்ளே கசியும், வெளியே ஒன்றும் தெரியாது. தலைசுற்றும். அந்த இரத்தம் மேலே போய் உறுத்தினால் தோள் வலிக்கும். இதைப் படிக்காத மருத்துவர் கிடையாது. பரீட்சையில் கேட்டால் எங்கள் இருவருக்கும் முழு மதிப்பெண்.

பர்ஹானா தன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். பதிவில் இருந்தது கணவனின் எண், அது வேலை செய்யவில்லை. கடலுக்குப் போயிருப்பான் என்றார்கள். அந்தப் பெண் திரும்ப வரவில்லை. ஊர் மட்டும் தெரியும், நிலாவெளிக்கு அப்பால். பர்ஹானா அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கேள்வி கேட்டவள் மேல்மாடியில் உட்கார்ந்திருக்க முடியாது என்று மட்டும் தோன்றியது.

யோகனின் ஆட்டோ வாசலில் நின்றது. விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கிளப்பினார். ஊரைத் தாண்டியதும் வலப்பக்கம் கடல். சாம்பல் நிறத்தில் எழுந்து எழுந்து விழுந்தது. விடுதிகளின் பெயர்ப்பலகைகள் காற்றில் ஆடின. பர்ஹானா மடியில் இரண்டு கைகளையும் கோத்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது, ஓதுகிறார் என்று புரிந்துகொண்டேன். நான் மனதுக்குள் பேரம் பேசினேன். சாதாரண வயிற்றுவலியாக இருக்கட்டும், நாங்கள் இரண்டு பைத்தியக்காரிகளாக இருக்கட்டும், ஊரே சிரிக்கட்டும்.

நிலாவெளி தாண்டியதும் தாழ்வான ஓரிடத்தில் வெள்ளம் வீதியை மூடியிருந்தது. "பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லி யோகன் உள்ளே விட்டார். பாதி தூரத்தில் ஆட்டோ இரண்டு முறை இருமி நின்றுபோனது. எங்களைச் சுற்றிலும் தண்ணீர். இறங்கினால் முழங்கால் அளவுதான் என்றார் யோகன். நீச்சல் தெரியாதவளுக்கு முழங்காலும் கடல்தான். பர்ஹானா அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். கால் எதையோ மிதித்தது. என்னவென்று நான் குனிந்து பார்க்கவில்லை.

மறுகரையில் ஒரு கடை. நிரோஜினி என்ற பெயரைச் சொன்னதும் கடைக்காரர், "கரைவலைக்காரர் பக்கம். தலை சுத்தி விழுந்த பிள்ளைதானே?" என்று கேட்டுவிட்டு வழி காட்டினார். ஊருக்கே தெரிந்திருந்தது.

தகரக் கூரை போட்ட சிறிய கல்வீடு. வாசலில் மாமியார் நின்றார். டொக்டர் வீடு தேடி வந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது மரியாதை இல்லை, பயம். மருமகள் குளிசை குடித்துவிட்டு நித்திரை கொள்கிறாள், காலையிலிருந்து எழும்பவில்லை என்றார். மாத்திரையை இங்கே குளிசை என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பர்ஹானா கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார்.

உள்ளே அவள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். நான் கையைத் தொட்டேன். குளிர்ந்து ஈரமாக இருந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தபோது அங்கே சிவப்பே இல்லை. வயிறு உப்பி இறுகியிருந்தது.

பர்ஹானா மாமியாரிடம் சுடுதண்ணீர் வைக்கச் சொன்னார். சுடுதண்ணீருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவர் குசினிக்குள் போனதும் குனிந்து, காதருகில் மெல்லக் கேட்டார்.

"எனக்கு மட்டும் சொல்லுங்க. தள்ளிப்போயிருக்கா?"

"ஓம்" என்றாள் நிரோஜினி. மூச்சு வாங்கியது. "போன முறை கலைஞ்சு போனது. அதால இந்த முறை ஒருத்தருக்கும் சொல்லேல்ல. மாமிக்கும் தெரியாது."

மாமியார் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

அம்புலன்ஸ் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. இந்தப் பெண்ணை உட்கார வைத்துத் தூக்கக் கூடாது, படுத்தபடியே கொண்டுபோக வேண்டும் என்றார் பர்ஹானா. மாமியார் வெளியே ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டார். கரைவலை இழுப்பவர்கள் வந்தார்கள். ஒரு சிறிய தோணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வெள்ளத்தில் விட்டார்கள். அடியில் பாயை விரித்து அவளைக் கிடத்தினார்கள். நானும் ஏறி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார் பர்ஹானா. அவர் இறங்கி நடந்தால்தான் அவள் கால்களை உயர்த்திப் பிடிக்க முடியும்.

மறுக்க நேரமில்லை. ஏறினேன். ஆண்கள் இரு பக்கமும் பிடித்துத் தள்ளினார்கள். தோணி ஒரு பக்கமாகச் சாயும்போதெல்லாம் மறு கையால் விளிம்பைப் பிடித்தேன். நடுவழியில் விரலுக்கடியில் நாடி காணாமல் போனது. அழுத்தினேன், இல்லை. விரலை நகர்த்தினேன், இல்லை. பர்ஹானாவைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "கழுத்தில பாருங்க, கழுத்தில" என்றார். கழுத்தில் இருந்தது. மெலிதாக, வேகமாக. அதற்குப் பிறகு தோணி எத்தனை முறை சாய்ந்ததென்று எனக்குத் தெரியாது.

அம்புலன்சில் சேலைன் ஏற்றத் தொடங்கியதும் பர்ஹானா அவளோடு ஏறிக்கொண்டார். நானும் மாமியாரும் யோகன் எப்படியோ கிளப்பிய ஆட்டோவில் பின்னால் போனோம். அந்த அம்மா வழி முழுக்க என் கையை விடவில்லை. ஒரே ஒரு தடவை பேசினார்.

"டொக்டர் கேட்டவ. பிள்ளை பேசாமல் நிண்டவள். நான்தான் சொன்னனான். எனக்குத் தெரிஞ்சதெண்டு நினைச்சனான் பிள்ளை."

அறுவைசிகிச்சை முடியும்வரை பெரிய ஆஸ்பத்திரியின் நடையில் உட்கார்ந்திருந்தோம். பர்ஹானா அபாயா நனைந்தபடி சுவரோரம் நின்றார். கதிரை காலியாக இருந்தும் உட்காரவில்லை. யோகன் இஞ்சி போட்ட பிளேன்டீ வாங்கி வந்தார். யாரும் குடிக்கவில்லை, ஆறிப்போனது. கடைசியில் அறுவைசிகிச்சை மருத்துவர் வெளியே வந்தார். வயிறு நிறைய இரத்தம், ஒரு பக்கக் குழாயை எடுக்க வேண்டியிருந்தது, பிழைத்துக்கொள்வாள் என்றார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று தொடங்கி, பர்ஹானாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இத்தோடு பயம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் வகுப்பில்தான் அடுத்தது தொடங்கியது.

பர்ஹானா நடந்ததை முழுதாக எழுதி வாசித்தார். பிரதீபன் என்ற மருத்துவர் முதலில் பேசினார். திருகோணமலைக்காரர், பொதுவாக அதிகம் பேசாதவர். இதை இப்படியே பயிற்சிக் கோப்பில் சேர்த்தால், நாளைக்கு வழக்கு வரும்போது நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சி இது என்றார். எங்கள் வீட்டில் போர்க் காலத்தில் கையெழுத்து இருந்த தாளையெல்லாம் அம்மா அடுப்பில் போடுவார், அப்பா ஒருவருக்கு எழுதிய கல்யாண வாழ்த்தைக்கூட விட்டுவைக்கவில்லை, எந்தத் தாள் ஆளைக் கொண்டுபோகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது என்றார். அவர் பர்ஹானாவைப் பயமுறுத்தவில்லை. அவரே பயந்துபோய்த்தான் பேசினார்.

பிறகு ஒரு வழியும் சொன்னார். பொய் வேண்டாம். ஒரு சொல்லை மாற்றினால் போதும். மாதவிடாய் தள்ளவில்லை எனத் தெரிவிக்கப்பட்டது என்று எழுதுங்கள். யார் தெரிவித்தது என்று வராது. யார் கேட்கவில்லை என்றும் வராது.

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. நானாக இருந்தால் மாற்றியிருப்பேன், மனதுக்குள் நன்றியும் சொல்லியிருப்பேன். பர்ஹானா அந்தச் சொல்லைத் தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தார்.

"அண்டைக்கு அந்தப் புள்ளயப் பாத்தப்பவும் நான் இதைத்தான் எழுதினன்" என்றார். "சொல்லுத்தான் வேற. இதுக்குள்ளதான் அந்தப் புள்ள காணாமப் போனது."

சொல்லி முடித்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். கண்டி மருத்துவர் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். நோயாளியின் பெயரும் ஊரும் தாளில் இருக்கக் கூடாது, அது அவளுடைய உரிமை. மற்றதை வைப்பதா எடுப்பதா என்று யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது, பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பர்ஹானா பெயரை அடித்தார். ஊரை அடித்தார். "நான் அவளைக் கேட்கவில்லை" என்ற வரியை விட்டுவைத்தார். அதற்குக் கீழே, இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருக்கிறது என்று சேர்த்தார்.

நான் என் சர்க்கரை நோயாளியைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு தாளை எடுத்தேன். நான்கு வரிதான் எழுதினேன். அதற்குள் உள்ளங்கை வேர்த்துத் தாள் நைந்துவிட்டது.

கடைசி நாள் பிற்பகல் பர்ஹானா வார்டுக்குப் போகக் கிளம்பினார். தாளில் எழுதியதை அந்தப் பெண்ணிடம் வாயால் சொல்ல வேண்டும் என்றார். கூட வருகிறீர்களா என்று கேட்டார். ஆஸ்பத்திரிப் படியேறும்போது எனக்கு எங்கள் ஊர்க் கண்ணாடிக் கதவுகள் ஞாபகம் வந்தன. கணவன் கடலிலிருந்து திரும்பியிருந்தான் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

கட்டிலருகே அவன் நின்றான். வெயிலில் கறுத்த பெரிய உடம்பு. வலைக்கயிறு இழுத்துக் காய்த்த கைகள். மாமியார் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார். நிரோஜினி தலையணையில் சாய்ந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

பர்ஹானா நின்றபடியே சொன்னார். முதல் நாள் உங்களிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை, வரிசையைப் பார்த்து அவசரப்பட்டேன், தோள் வலிக்கு நானே ஒரு காரணம் நினைத்துக்கொண்டேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

கணவன் கேட்டான். "அப்ப அண்டைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

"ஓம்" என்றார் பர்ஹானா.

நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கை ஒருமுறை மூடித் திறந்தது. அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நிரோஜினிதான் பேசினாள். "டொக்டர், நீங்கள் அண்டைக்கு என்னட்டத்தான் கேட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியேல்ல. மாமியோட கதைக்கிறீங்கள் எண்டு நினைச்சனான்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். யாரையும் பார்க்காமல், இனிப் பிள்ளை கிடைக்குமோ என்று கேட்டான்.

பர்ஹானா அவனுக்குப் பதில் சொல்லவில்லை. கட்டில் விளிம்புக்கு வந்து, நிரோஜினியின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"இதை நான் முதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும். ஆர் ஆர் பக்கத்தில இருக்கலாம் எண்டு நீங்க சொல்லுங்க."

அப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நன்றாக யோசித்தாள்.

"மாமி இருக்கட்டும்" என்றாள். "இவர் கொஞ்ச நேரம் வெளியில நிக்கட்டும்."

என் பெயரும் அதில் இல்லை. நானும் அவனோடு வெளியே நடந்தேன். பின்னால் திரைச்சீலை இழுபடும் சத்தம் கேட்டது.

நடையில் அவன் சுவரில் சாய்ந்து நின்றான். நான் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றேன். மழை தகரச் சாய்ப்பில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் அந்தப் பெரிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றதைக் கண்ட பிறகும் நான் அந்த ஓரடியைக் குறைக்கவில்லை.

"நீங்களும் டொக்டரோ?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

"அவள் என்னட்டயும் சொல்லேல்ல" என்றான். பிறகு மழைக்கு மேலாகக் காதைத் தீட்டிக்கொண்டு, "அவளோ கதைக்கிறாள்? அம்மாவோ?" என்று கேட்டான்.

கேட்டுப் பார்த்தேன். உள்ளே மெலிதாக நிரோஜினியின் குரல். நடுவில் நின்று, பிறகு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"அவங்கதான்" என்றேன்.